தோல் வெட்டுவதுபோல் சோளம் விதைத்தேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில், எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். ஒரு தோலை மேஜைமேல் விரித்தால் போதும். எங்கே பலம், எங்கே தொய்வு, எங்கே முள் கிழித்த தழும்பு என்று விரலே சொல்லிவிடும். அந்தக் கர்வம்தான் என்னை விவசாயத்தில் இறக்கிவிட்டது. முதல் போகத்தில் மண்ணைக் கவ்வ வைத்ததும் அதேதான்.

அப்பா போன பிறகு, ஆலங்காயம் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கர் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக வந்தது. இரண்டு வருடம் கரம்பாகவே கிடந்தது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் அண்ணனைப் பார்த்து, மேல்மண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணனும் தலையாட்டிவிட்டு, என் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தார். மேல்மண் போய்விட்டால் அப்புறம் அது நிலமில்லை, பள்ளம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நானே பயிர் வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று யோசித்தேன். எப்போதும் எனக்கு இந்த வரிசைதான்.

"ஷூ வெட்றவளுக்கு மண்ண பத்தி இன்னா தெரியும்?" என்று அண்ணன் சிரித்தார்.

"தோலு தெரிஞ்சவளுக்கு மண்ணு தெரியாதா? போண்ணா."

மக்காச்சோளம் என்று முடிவு செய்தேன். கோழித் தீவனத்துக்கு வாங்கிப் போக ஆள் இருந்தது, எங்கள் கிணற்றுத் தண்ணீரும் அதற்குப் போதும். ஆடிப்பட்டத்தில் விதைத்தேன். எப்படி விதைத்தேன் என்பதைத்தான் வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும். கட்டிங்கில் இடைவெளி என்பது பாவம். தோலை வெட்டும் ஒரு அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு தோல் மிச்சமிருந்தால், சூப்பர்வைசர் அந்தத் துண்டை எடுத்து எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டுவார். பதினோரு வருடமாக என் கை கற்றதே அதுதான்: ஒட்டி வை, வேஸ்ட் பண்ணாதே. நிலத்திலும் ஒட்டித்தான் வைத்தேன். செடிக்குச் செடி நான்கு விரல்கூட விடவில்லை.

முளைத்தபோது பார்க்க வேண்டுமே! ஒரு சாண் மண்கூடக் கண்ணில் படாமல் பச்சையாக மூடிக்கொண்டது. நடுவில் நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதோடு சரி. செடிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நெட்டையாக வளர்ந்தன. தண்டு பென்சில் கனம்கூட இல்லை. ஒரு காற்றுக்கே பாதி சாய்ந்தது. மீதியில் வந்த கதிர் என் நடுவிரல் நீளம், உள்ளே பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். அண்ணன் ஒரு கதிரை உரித்துப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"சரி, வர்ற ஆடிப்பட்டம் ஒண்ணு பாரு. அதுவும் இப்டியே வந்தா கையெழுத்து போட்ரணும்."

சரி என்றேன்.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது அந்தப் போட்டோக்களைத் தோழியிடம் காட்டிப் புலம்பினேன். அவள் வாணியம்பாடியிலிருந்து வருகிறவள், ஸ்டிச்சிங் செக்‌ஷன். கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் எப்போதும் ஒரு உரசல் உண்டு, எங்கள் இருவருக்கும் கிடையாது. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இது, சோளமா, கோரப்பாயா?"

"சிரிக்காதடி. நானே பேஜார்ல இருக்கேன்."

"கட்டிங் புத்தியிலயே நட்டிருக்க நீ. எங்க செக்‌ஷன்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? தையல ஜாஸ்தி நெருக்கித் தச்சா இன்னா ஆவும், சொல்லு?"

"ஓட்டை ஓட்டையா போயி தோலு கிழியும்."

"அதான்க்கா. ஓட்டைக்கு ஓட்டை நடுவுல தோலு இருந்தாதானே நூலு நிக்கும்? செடிக்குச் செடி நடுவுல மண்ணு வாணாமா?"

வாயில் இருந்த சோறு புரையேறிவிட்டது. பதினோரு வருடம் பக்கத்து செக்‌ஷனில் நடக்கிற வேலை. நான் வெட்டிக் கொடுத்ததைத்தான் அவள் தைக்கிறாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் வந்தது. தப்பு எது என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலத்தை ஒரு தோலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். எந்தத் தோலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது, நிலம் மட்டும் இருக்குமா? கீழண்டைப் பக்கம் மழைத் தண்ணீர் நின்று நாறியிருந்தது. டிராக்டர் திரும்புகிற மேலண்டை ஓரத்தில் கடப்பாரை அரை அடிக்குக் கீழே இறங்க மறுத்தது. பல இடங்களில் குழி தோண்டி, மண்ணெடுத்துக் கலந்து, பையில் கட்டி வேளாண்மை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பரிசோதனை முடிவைப் பார்த்த அதிகாரி, "உங்க மண்ணுல மக்கு ரொம்ப கம்மிம்மா" என்றார்.

"அதான் நான் வந்து சேந்துட்டனே சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு, மட்கிய குப்பையும் தழையும்தான் மண்ணுக்குச் சோறு, அதைப் போடாமல் உரத்தை மட்டும் கொட்டினால் நிற்காது என்று பொறுமையாகச் சொன்னார்.

சோறு போட்டேன். கடினமான ஓரத்தை உளிக்கலப்பையால் ஆழமாகக் கீறினோம். கீழண்டைத் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டினோம். ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்துக் கிடை போட்டோம். தழையுரத்துக்காகக் கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, அது இடுப்பளவு வளர்ந்து பூவெடுத்தபோது அப்படியே மடக்கி உழுதோம். அன்றைக்குப் பார்த்து அண்ணன் வந்தார்.

"இந்த நெலத்துல ஒழுங்கா வளந்தது இது ஒண்ணுதான். அதையும் கவுத்துட்டியா?"

"சோறு ஊட்றேன்ணா, சும்மா இரு."

ஆடியில் தோழி தன் செக்‌ஷனிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தோலில் கோடு போடுகிற சில்வர் பேனாவால் கயிற்றில் சாணுக்கு ஒரு புள்ளி வைத்தோம். வரிசைக்கு வரிசை மூன்று சாண். புள்ளிக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை. ஐந்து பேரும் ஒரே வேகத்தில் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்தால் மிஷின் ஓடுவது போலவே இருந்தது. எனக்குத்தான் கை அரித்தது. நடுவில் இவ்வளவு மண் சும்மா கிடக்கிறதே! ஒரு விதையை யாருக்கும் தெரியாமல் நடுவில் செருகப்போனேன். தோழி என் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினாள்.

உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து வைத்தேன். காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன், குருத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவைப் பொறுக்கி நசுக்கினேன். மேலண்டை ஓரத்துக்குக் கூடுதலாக இரண்டு கூடைக் குப்பை. செடி முழங்காலளவு இருந்தபோது தெரிந்த வெற்று மண், இடுப்பளவு வந்தபோது காணாமல் போயிற்று. இலைகள் கை நீட்டி அடுத்த வரிசையைத் தொட்டுக்கொண்டன. நிழலில் களை தலைதூக்கவில்லை. தண்டு என் மணிக்கட்டுக் கனம். தினமும் காலையில் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கம்பெனியில் மேஜை முன் நின்றுகொண்டு தானாகச் சிரித்திருக்கிறேன்.

கதிர் பால் பிடித்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் சூளைக்காரரோடு வந்து இறங்கினார். சொல்ல வேண்டிய வாதங்களை எல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கினேன். அண்ணன் நேராகச் சோளத்துக்குள் நுழைந்தார். ஆள் மறைந்துவிட்டார். இலை சலசலக்கிற சத்தம் மட்டும் மேலண்டை ஓரம்வரை போய், திரும்பி வந்தது. வெளியே வந்தவர் கையில் ஒரு சாணுக்கு மேல் நீளமாக ஒரு கதிர். வரப்பில் நின்றபடியே உரித்தார். அடியிலிருந்து நுனிவரை ஒரு மணிகூடத் தப்பவில்லை.

சூளைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்போ அறுப்பு முடிஞ்சதும் மண்ண எடுத்துக்கலாங்களா?"

"மண்ணு டியூட்டில இருக்குதுங்க" என்றார் அண்ணன். "அதுக்கு லீவு கெடையாது. நீங்க வேற எடம் பாருங்க."

நான் அடுக்கி வைத்திருந்த வாதங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரை இரண்டாக ஒடித்து, பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார்.