மழை நாளில் பேர் போடுவதில்லை

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை ஆறு பத்து. விடாத மழை, யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மலை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் என் மனைவி ஏழு கேள்விகளுக்கும் தவறாகப் பதில் சொன்னாள்.

கேள்விகள் நான் தயாரித்தவை. அவளுக்கு மறதி நோய் வந்த பிறகு தினமும் காலையில் கேட்பேன். உன்னைப் படைத்தவர் யார், உனக்காகச் சிலுவையில் மரித்தவர் யார் என்று ஏழு. முந்திய வாரம் நான்கு சரி. திங்கட்கிழமை இரண்டு. அந்தப் புதன்கிழமை பூச்சியம்.

"இயேசு யாரு?" என்று மறுபடியும் கேட்டேன்.

"தெரியலீங்களே மாஸ்டர். புதுசா வந்திருக்கிற கணக்கப்பிள்ளையா? நீங்க வீட்டுக்குப் போங்க, ஒங்க சம்சாரம் தேடுவாங்க."

நாற்பத்தாறு வருடமாக என் சம்சாரம் அவள்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணாக இருந்தவள். திருமணத்துக்கு முன்தான் ஞானஸ்நானம் பெற்றாள். இப்போது அந்த நாற்பத்தாறும் அழிந்துபோய், பிறந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கே திரும்பிவிட்டாள். வலி வந்தால் மாரியாத்தாவைத்தான் கூப்பிடுகிறாள்.

ஞாயிறு பள்ளியில் முப்பத்தொரு வருடம் கற்பித்தவன் நான். கிரியைகளால், அதாவது நற்செயல்களால், எவரும் கடவுள் முன் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தால் மட்டுமே ஆகிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவே பயமுறுத்துகிறது. கிரியை என்றால் அவளுக்காக நான் செய்து ஈடுகட்டலாம். பட்டினி கிடக்கலாம், கோயிலைக் கூட்டலாம். அவளுக்குப் பதிலாக நான் எப்படி விசுவாசிப்பது? இருந்ததும் போய்விட்ட பிறகு எதைக் கொண்டு அவள் கடவுள் முன் போய் நிற்பாள்?

எட்டு மணிக்கு முச்சக்கர வண்டி பிடித்து டவுனுக்குப் போய், அவளுக்கு நற்கருணை கொடுக்கப் போதகரை அழைத்துவந்தேன். இளைஞர், அவருடைய தாயும் பால் வெட்டியவர். என் பயத்தை வண்டியிலேயே சொன்னேன்.

"சார், ஒங்க மூணு பிள்ளைங்களுக்கும் கைக்குழந்தையிலதானே ஞானஸ்நானம் குடுத்தீங்க? அதுங்ககிட்ட என்ன கேள்வி கேட்டீங்க?"

"அதுங்களுக்கு விசுவாசம் பின்னால வரும் பாஸ்டர். இவளுக்கு வந்து போயிருச்சு. ரெண்டும் ஒண்ணா?"

அவர் வைப்பர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஜன்னலோரம் கவலையோடு உட்கார்ந்திருந்தவள், அவருடைய வெள்ளை அங்கியைக் கண்டதும், தோட்டத்துத் துரை என்று நினைத்து எழுந்து நின்றாள்.

"தொரை, மழை பேயுது. பால் வெட்ட முடியாதுங்க. இன்னைக்குப் பேர் போடுவாங்களா?"

பேர் போடுவது என்றால் அன்றைய கூலி உண்டு என்று பதிவது. மழையில் வெட்டு இல்லை. வெட்டாதவளுக்குப் பேரும் இல்லை. அதைச் சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். போதகர் முந்திக்கொண்டார்.

"போட்டாச்சும்மா."

"வெட்டாமலேயா?"

"வெட்டாமலேதான்."

"பொய் சொல்றீங்க தொரை."

"இல்லம்மா. நெசமாத்தான். ஒக்காருங்க."

உட்கார்ந்தாள். ஜெபம் முடித்து அவர் அப்பத்தை நீட்டியபோது, இடது கையின் மேல் வலது கையை வைத்து, பிரசாதம் வாங்குவதுபோல் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். யார் கொடுத்ததாக நினைத்து வாங்கினாளோ, எனக்குத் தெரியாது. கேட்கத் துணியவில்லை. வெறுங்கையை நீட்டினாள், கிடைத்தது. நான் கண்டது அவ்வளவுதான்.

மனம் ஆறவில்லை; இன்றைக்கும் ஆறவில்லை. மறுநாள் காலை நல்ல வெயில். ஏழு கேள்விகளும் நாக்கு நுனியில் நின்றன.

"மழை விட்டுருச்சா மாஸ்டர்?" என்றாள், அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தபடி.

ஜன்னலைச் சாத்தினேன். "இன்னும் விடல. பேர் போட்டாச்சு. தூங்கு."

போதகரை அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டதற்கு, காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, முச்சக்கர வண்டிக்கு நான் கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். அவளுக்காக என்னால் செய்ய முடிந்த கிரியை அது.