முதலில் வந்தது முதலில் போகணும்

மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஓர் அதிகாரி, தீவிலிருந்த கூட்டுறவுப் பண்டகசாலை மேனேஜர்களை எல்லாம் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்காரவைத்து, வியாபாரம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்தார். டெலானிபூர் மேட்டுக்குக் கீழே இருந்த பண்டகசாலைக்கு என் அப்பா மேனேஜர். அதுவரை அவருக்குத் தெரிந்த வியாபாரம், சரக்கு இருந்தால் விற்பது, தீர்ந்தால் "ஜஹாஜ் வரட்டும்", அதாவது கப்பல் வரட்டும், என்று சொல்லி அனுப்புவது, அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து வேறு ஆளாகத் திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் எங்களுக்குப் பாடம் ஆரம்பமானது.

"புது மூட்டையப் பழைய மூட்டை மேல அடுக்குறோம். மேல இருக்கறத எடுத்து விக்கறோம். அடியில கெடக்கறது எத்தன கப்பல் வந்தாலும் அடியிலயே கெடந்து, மழை ஈரத்துல புழு வச்சுப் போவுது. முதல்ல வந்தது முதல்ல போகணும். இதுதான் சயின்ஸ்."

"இதச் சொல்றதுக்கு ஒரு ஆளு கப்பலேறி வரணுமாக்கும்" என்றாள் அம்மா.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காதில் விழுந்ததை உடனே ஊருக்குச் சொல்லிவிடும் வியாதி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. இன்றும் முழுதாகக் குணமாகவில்லை. மறுநாளே வீட்டில் சட்டத்தை அமல்படுத்தினேன். பழைய சோறு தீர்ந்த பிறகுதான் சுடுசோறு. பழையது தீர்வதற்குள் வயிறு நிறைந்துவிடும். சுடுசோற்றைத் தொட ஆளிருக்காது. அதற்கு ராத்திரி தண்ணீர் ஊற்றுவார்கள். விடிந்தால் அதுவும் பழைய சோறு. தினமும் அடுப்பெரிந்தும் நான் சூடாக எதையும் சாப்பிடவில்லை. சட்டத்தை மற்றவர்களுக்கும் நீட்டிக்கப் பார்த்தபோதுதான் அம்மா, "மேனேஜர் பெத்த மேனேஜரே, கரண்டியக் கீழ வைக்கிறியா, அதாலயே போடவா?" என்று துரத்தினாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் என் பெருமையைச் சொன்னார். என்னைக் கெடுத்தது அந்தச் சிரிப்புதான் என்று சொல்லிப் பார்க்கலாம், எடுபடாது.

பண்டகசாலையில் மூட்டை தூக்க, சாமான் நிறுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். அப்பா வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். தீவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தாவை வெள்ளைக்காரன் வடக்கே எங்கிருந்தோ கைதியாக விலங்கு மாட்டிக் கப்பலில் கொண்டுவந்தானாம். அவர் வீட்டில் யாரும் அதைப் பேசமாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பேசுவார்கள். மழைநாளில் என்னைத் தோளில் உட்காரவைத்து, சாக்கை இருவருக்குமாகப் போர்த்திக்கொண்டு மேடேறி வீட்டில் விடுவார். இன்னொருவர் என் சித்தப்பா. ராமநாதபுரத்தில் வேலை கிடைக்காததால் முந்தின கப்பலில்தான் வந்திறங்கியவர். அப்பாதான் கடையில் சேர்த்துவிட்டிருந்தார்.

அப்போது எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கடைக்கு ஓர் ஆள் போதும், யாரை வேலையைவிட்டு நிறுத்துவது என்று மேனேஜரே சொல்லட்டும் என்று பண்டகசாலைக் கமிட்டி முடிவு செய்திருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்தான் போகவேண்டும். அதுதான் எங்குமுள்ள வழக்கம். அப்பா மட்டும் இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பதிலைக் கேட்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் உட்காரக் கடையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்த சாச்சாவும் சித்தப்பாவும் வாசல்பக்கம் நின்றிருந்தார்கள். சாயா குடித்தபடி கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அப்பா என்ன படிச்சுட்டு வந்தார், நீ சொல்லு பார்ப்போம்" என்று ஹிந்தியில் கேட்டார்.

எல்லோருக்கும் புரியட்டும் என்று நானும் ஹிந்தியிலேயே ஆரம்பித்தேன். அரிசி மூட்டையைச் சொன்னேன், வெங்காயத்தைச் சொன்னேன், பழைய சோற்றுக் கதையை நடித்தே காட்டினேன். பெஞ்சு ஆடுமளவுக்குச் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு சிரிப்பு வேண்டியிருந்தது.

"ஆளுங்களுக்கும் இதேதான்" என்றேன். "சாச்சா குடும்பம் விலங்கு போட்ட கப்பல்லயே வந்துடுச்சு. அதனால சாச்சா முதல்ல போகணும். சித்தப்பா போன கப்பல்ல வந்த புதுச் சரக்கு. அவர் அப்படியே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. புரியவில்லையோ என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தார். "மேனேஜர் சாப், பையனுக்கு நல்லாவே சொல்லிக்கொடுத்திருக்கீங்க" என்றார்.

சித்தப்பா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்தவர் சாச்சா ஒருவர்தான். "பச்சா டீக் போல்தா ஹை, சாப்" என்றார், பையன் சொல்வது சரிதான் என்று. பிறகு அப்பாவைப் பார்த்து, ஹிந்தியிலேயே, "நீங்க கஷ்டப்பட வேணாம். பாராடாங் பக்கம் ரோடு போட ஆள் எடுக்கறாங்க. நானே போயிடறேன்" என்றார்.

அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். போகாதே என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா சாயாவில் மிதந்த பாலேட்டை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு எனக்கு அடி நிச்சயம் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஏன் அடி என்பது மட்டும் விளங்கவில்லை. அப்பா என்னைத் தேடவே இல்லை. சாப்பிடவும் இல்லை. அம்மாதான் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பையன் மூஞ்சியப் பாக்காம எதுக்கு உக்காந்திருக்கீங்க? நீங்க மனசுல வச்சிருந்தத அவன் வாயால சொல்லிட்டான். அவ்வளவுதான?"

கதவுக்குப் பின்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மேனேஜர் மனதில் நினைப்பதை, அவர் சொல்லாமலேயே நான் கண்டுபிடித்துவிட்டேனே! சாச்சா பாராடாங் போன பிறகும், இந்தச் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.