மணல் திட்டில் கேட்ட குரல்

நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. இந்த நாட்டில் மனிதருக்கே விசா கிடைப்பது குதிரைக்கொம்பு, பேய்க்கு யார் கொடுக்கப்போகிறார்கள் என்று பகிடி விட்டுத் திரிந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. மிச்சத்தைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் நண்பனும் நானும் ஹோர்சன்ஸ் என்ற டெனிஷ் நகரத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறோம். ஒன்பது வருடமாக ஒரே ஷிப்ட். அவனுக்கும் என் வயதுதான். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், வாய் ஓயாமல் கதைக்கிறவன். வேலைத்தலத்து டெனிஷ்காரன் ஒருவன் இவனை ஒருநாள் கடலுக்குக் கூட்டிப்போனான். அன்றோடு இவனுக்கு மீன் பைத்தியம் பிடித்தது. பிடித்ததை எனக்கும் தொற்ற வைத்தான். ஆளுக்கொரு தூண்டில், மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு, அரசாங்கத்தின் மீன்பிடி அனுமதி எல்லாம் வாங்கினோம். கடல் ட்ரவுட் என்ற ஒரு மீனுக்காக இரண்டு வசந்தகாலம் பனித்தண்ணீரில் நின்றதில் அகப்பட்டவை மூன்று. அதிலும் இரண்டு அளவு போதாமல் திரும்பக் கடலுக்கே போயின. நாங்கள் புறப்படும்போதே அவன் மனைவி ஐஸ் பெட்டியிலிருந்து அறக்குளா மீனை எடுத்து வெளியே வைத்துவிடுவாள். "போயிட்டு வாங்கோ அண்ணை, கறி எப்பிடியும் இருக்கும்" என்பாள்.

நாங்கள் போகும் கரை நகரத்திலிருந்து அரை மணி நேரம். பீச் மரக்காட்டுக்குள்ளால் ஒரு மண்பாதை போகும். அது முடியுமிடத்தில் காரை விட்டுவிட்டு இறங்கினால் கல்லுக்கரை, ஒதுங்கிய சாதாளைப் பாசியின் நாற்றம், ஆள் அரவமே இல்லை. கரையோரம் இடுப்பளவு ஆழத்தில் ஒரு நீண்ட பள்ளம். அதைத் தாண்டினால் கரைக்குச் சமாந்தரமாக ஒரு மணல் திட்டு. அங்கே தண்ணீர் முழங்காலளவுதான். திட்டில் நின்று அப்பால் ஆழக்கடல் பக்கம் தூண்டில் வீச வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆழம் குறைந்தால் கரை வருகிறது என்று அர்த்தமில்லை. கரைக்குத் திரும்ப வேண்டுமானால் முதலில் ஆழத்துக்குள் இறங்கத்தான் வேண்டும்.

அது போன வருடம் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணியிருக்கும். வெயில் அடித்தது, காற்று இல்லை, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கைபேசிகள் நனையக்கூடாதென்று காருக்குள்ளேயே வைத்துவிட்டோம். திட்டில் ஏறியதும் அவன் எனக்கு இடப்பக்கமாக ஐம்பது மீற்றர் தள்ளிப் போய் நின்றான். நடுக்கடலில் எய்டர் வாத்துக்கள் கூட்டமாக மிதந்தன. வசந்தத்தில் அந்த ஆண் வாத்துக்கள் "ஆ… ஊ…" என்று கூவும். யாரோ ஒரு மனுசி அயல்வீட்டு வம்பைக் கேட்டு அதிசயிக்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டு நாங்கள் எப்போதும் சிரிப்போம்.

பிறகு கடல் பக்கம் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. குளிர்ந்த கடலுக்கு மேல் இளஞ்சூடான காற்று வந்தால் திடீரென்று எழும்புகிற மூடுபனி அது; டெனிஷ்காரர் ஹவ்கூஸ் என்பார்கள். நான் தூண்டிலை இரண்டு தரம் சுற்றி இழுப்பதற்குள் அது எங்களை மூடிவிட்டது. காடு போனது, கரை போனது, நண்பன் போனான். என் தூண்டிலின் நுனியே எனக்குத் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே எதுவும் இருளவில்லை, எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. வாத்துக்களும் வாயை மூடிக்கொண்டன.

நான் அசையாமல் நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்பதும் கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது. ஒரு அடி வைத்தால் தண்ணீர் தொடைக்கு ஏறியது. அது பள்ளமா ஆழக்கடலா தெரியாது. அந்த அடியைத் திரும்ப எடுத்தேன்.

அப்போதுதான் என் பெயர் கேட்டது.

வலப்பக்கமிருந்து கேட்டது. அவன் நின்றது இடப்பக்கம். அதைவிட, அதுவரைக்கும் அவன் என்னை மச்சான் என்று அல்லாமல் வேறு விதமாகக் கூப்பிட்டதே கிடையாது. இதுவோ என் முழுப்பெயர், ஒரு எழுத்தும் விடாமல். குரல் அவனுடையதுதான். ஆனால் அந்தக் குரலில் அவனுடைய வழக்கமான துள்ளல் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஆள் தெரியாமல் வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஓம் என்று பதில் சொல்லக்கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் வாய் திறக்கலாம். மனிதன்தான் மூன்று தரம் கூப்பிடுவான், மற்றதுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பது கணக்கு. இதைச் சொல்லி அம்மாவை நான் எத்தனை தரம் கிண்டலடித்திருக்கிறேன்! கேளுங்கள், அந்தக் கிண்டல்காரனுக்கு அப்போது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் விரலை மடித்து ஒன்று என்று எண்ணினேன்.

இரண்டாவது தரம் கூப்பிட்டது. இப்போது குரல் தாழ்ந்திருந்தது. பெயரின் நடுவில் ஒரு இருமல் வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டது. பேய் இருமாது என்று என் மண்டையின் ஒரு மூலை சொன்னது. மற்ற எல்லா மூலைகளிலும் பயம்தான் இருந்தது. பதில் சொன்னால் நான் நிற்கிற இடம் அதற்குத் தெரிந்துவிடும் என்ற ஒரே எண்ணம். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மூன்றாவது தரம் யாரும் கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கால் விரல்கள் மரத்துப்போயின. பிறகு வெள்ளைக்குள் ஒரு கறுத்த கோடு மெல்லத் தெரிந்தது, அது காடு. அதைப் பார்த்தபடியே இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, பள்ளத்தைக் கடந்து கரை ஏறினேன். ஏறும்போதே அவன் செத்துப்போனான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவன் மனைவிக்கு என்ன சொல்வது என்று வசனம் தேடிக்கொண்டு, கைபேசியை எடுக்கக் காரை நோக்கி ஓடினேன். அந்த வசனத்துக்குள்ளும் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவன் காருக்குள் இருந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது, உதடு நீலம், பல் கிடுகிடுவென்று அடித்தது. ரப்பர் உடுப்பைக் கழற்றி வெளியே எறிந்திருந்தான். அதற்குள் அரைக்கடல் கிடந்தது. நான் ஹீற்றரைக் கூட்டினேன், என் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினேன். கைகால்களைத் தேய்த்துவிட்டேன்.

கதைக்க முடிந்ததும் அவன் சொன்னான்: "பனிப்புகாருக்குள்ளை உன்னைத் தேடி நடந்தனான் மச்சான். உன்னைத் தாண்டிப் போயிட்டன் போலை. டக்கெண்டு பள்ளத்துக்குள்ளை விழுந்திட்டன். உடுப்புக்குள்ளை தண்ணி பூந்திட்டுது. மச்சான் எண்டு கத்தினால் வாத்துச் சத்தம் எண்டு நினைப்பாய், அதுதான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். ரெண்டு தரம். அதுக்கு மேலை ஏலேல்லை."

நான் அவனுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"நல்லகாலம் நீ பதில் சொன்னது" என்றான்.

தேய்த்த கை நின்றுவிட்டது.

"'ஓம், இஞ்சை வா, இஞ்சாலை வா' எண்டு நீ சொல்லிக்கொண்டே நிண்டாய். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கரைக்கு வந்தன். ஏறிப் பாத்தால் உன்னைக் காணேல்லை. என்னைத் தேடித் திரும்ப இறங்கிட்டாய் எண்டு நினைச்சன். நீதானே மச்சான்?"

அவனுக்குக் கரையிலிருந்து குரல் வந்திருக்கிறது; எனக்கு அது கேட்கவேயில்லை. நானோ அந்த நேரம் முழுக்க அவனுக்குப் பின்னால், திட்டில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவன். காரின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். கரை மறுபடி வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல் பிறகு வளர்ந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கோல்டிங்கில் ஒரு கலியாணவீடு என்று போகுமிடமெல்லாம் அவன் கதையைச் சொன்னான். சொல்லும்போது என் தோளில் கை போட்டுக்கொள்வான். அவனுடைய மூத்த மகள் ஒருநாள் என்னிடம் வந்து டெனிஷில் நன்றி சொன்னாள். அவன் மனைவி என் சாப்பாட்டுக் கோப்பையில் எப்போதும் இரண்டு துண்டு மீன் கூடப் போட்டாள். அந்த மீனை நான் ஒதுக்கியே வைத்தேன். வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டால் இப்போது நான் உடனே கத்திப் பதில் சொல்கிறேன். என் மனைவிக்கு ஏன் என்று விளங்கவில்லை.

இந்த மார்ச்சில் அவன் மறுபடி தூண்டிலை எடுத்தான். "அண்ணை கூட வந்தால்தான் விடுவன்" என்று மனைவி சொல்லிவிட்டாளாம். "நீ நிண்டால் எனக்கு என்ன பயம்? கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கு" என்றான் அவன். இல்லாத ஒருவனை நம்பி இவன் தண்ணீருக்குள் இறங்கப்போகிறான்.

அடுத்த நாள் கன்டீனில் இடைவேளையில் சொன்னேன். "மச்சான், அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை."

"பகிடி விடாதை" என்றான், வாயில் சோற்றோடு.

எல்லாவற்றையும் சொன்னேன். வலப்பக்கத்துக் குரல், முழுப்பெயர், விரலை மடித்தது, கரையில் நான் நிற்காதது. அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். அப்படியென்றால் எனக்குப் பதில் சொன்னது யார் என்றுதான் கேட்பான் என்று நினைத்தேன். அதற்கு என்ன சொல்வதென்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவேயில்லை.

"அப்ப நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டது."

"ஓம்."

"ரெண்டு தரமும்?"

"ஓம்."

"நான்தான் எண்டு தெரிஞ்சதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யைச் சொல்லி அதோடு ஒரு வருடம் இருந்து பார்த்தவன் நான்.

"ரெண்டாந்தரம் தெரிஞ்சது" என்றேன்.

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். எழும்பிக் கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.