கப்பலில் எனக்கு வயது ஒன்பது

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று நட்சத்திரப் பிறந்தநாள். அன்றைக்குத் தலைக்குக் குளித்துப் புதுத்துணி போட்டு, சிவன் கோயிலில் அர்ச்சனை செய்து, சேமியாப் பாயசம் குடிக்க வேண்டும். இன்னொன்று இங்கிலீஷ் தேதிப்படி வரும் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். அன்றைக்கு வகுப்பில் சாக்லேட் கொடுக்கலாம், வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டில் எது நிஜம் என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கப்பல் ஏறிய அன்றைக்குத்தான் முதன்முதலில் வந்தது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு உல்லாசக் கப்பல் எங்கிருந்து வந்தது என்றால், மாமா வழியாக வந்தது. அம்மாவின் அண்ணன். சிங்கப்பூரில் வேலை. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு எங்களை அங்கே வரவழைத்து, நாலு நாள் கப்பலில் சுற்றிக் காட்டுவதென்று முடிவு செய்துவிட்டார். அப்பா லேசில் அசையவில்லை. குறுவை அறுப்பு முடிந்திருந்தது. சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தது. அந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வயல்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்பா வாயிலிருந்து சரி என்ற சொல் வந்தது.

மாமாவுக்கு ஒரே பெண். என்னைவிட ஐந்து மாதம் பெரியவள். போன வருடமே அந்தக் கப்பலில் போய்வந்தவள் என்பதால், ஒரு மாதமாக வீடியோ காலில் எனக்கு வகுப்பு எடுத்தாள். கப்பலில் பிள்ளைகளுக்கென்றே ஒரு கிளப் உண்டாம். வயதைப் பார்த்துக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்களாம். மூன்றிலிருந்து ஐந்து வரை மஞ்சள். ஆறிலிருந்து எட்டு வரை ஊதா. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆரஞ்சு. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தனி அறை, நாமெல்லாம் எட்டிப் பார்க்கவும் முடியாது. போன வருடம் அவளுக்கு எட்டு. ஊதாவில் உட்கார்ந்து முகத்தில் புலி வரைந்துகொண்டிருந்தபோது, ஆரஞ்சுக்காரர்கள் கப்பல் முழுவதும் ஓடிப் புதையல் தேடியதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள்.

"புதையல்கூடப் பெருசு இல்ல. பர்ப்பிள் பிள்ளைங்கள அம்மா அப்பா வந்துதான் சைன் பண்ணிக் கூட்டிட்டுப் போகணும். ஆரஞ்சுன்னா நம்மளே சைன் பண்ணிட்டு வெளிய வந்துரலாம்."

"நம்மளேன்னா?"

"நம்மளேதான். நேரா லிஃப்டு, பன்னெண்டாவது மாடி. அங்க குழாயத் திறந்தா ஐஸ்கிரீம் வரும். எத்தனை வேணாலும் பிடிச்சுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

அன்றோடு என் தூக்கம் போயிற்று. குழாயில் ஐஸ்கிரீம் வருவது ஒருபுறம் இருக்கட்டும். என் கையெழுத்துக்கு ஒரு கதவு திறக்கும் என்றாளே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். தலைப்பெழுத்தைச் சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. புள்ளி வைத்தால்தான் ஆபீஸர் கையெழுத்து மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

வயதைப் பற்றிக் கவலையே இல்லை. கப்பல் ஏறுகிற நாளும் என் நட்சத்திரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. புரட்டாசி அனுஷம். மாமா வீட்டு அடுப்பில் அம்மா விடியற்காலையிலேயே பாயசம் வைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "ஒன்பது முடிஞ்சிருச்சுடி உனக்கு" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் ஒன்பது வயதுக்காரியாகவே துறைமுகத்துக்குப் போனேன், ஒன்பது வயதுக்காரியாகவே கப்பலில் ஏறினேன். ஏறியதும் கடலைப் பார்க்கவில்லை. பெட்டியைக்கூட அறையில் வைக்கவிடாமல் எல்லோரையும் இழுத்துக்கொண்டு கிளப்புக்கு ஓடினேன்.

அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி சிரித்த முகம். பிலிப்பைன்ஸ்காரர் என்றார் மாமா. அவர் முதலில் மாமா பெண்ணுக்கு ஆரஞ்சுப் பட்டை கட்டினார். என் பாஸ்போர்ட்டைக் கணினியில் பார்த்தார். ஊதாப் பட்டையைக் கையில் எடுத்தார்.

எனக்கு உலகமே இருண்டது. பாஸ்போர்ட்டில் இருந்தது பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாள் கழிவதற்குள் நாங்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்போம்.

"எட்டா? எட்டு எப்படிங்க ஆகும்?" என்று அப்பா முன்னால் வந்தார். "இன்னைக்குக் காலையோட ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது பிள்ளைக்கு."

"மாப்ள, பத்தக் கொண்டாந்து குழப்பாதீங்க. ஒன்பதோட நிறுத்திக்குங்க" என்றார் மாமா.

மாமா ஆங்கிலத்தில் நட்சத்திரத்தை விளக்கினார். மாதம் ஒன்று, அந்த மாதத்தில் நட்சத்திரம் ஒன்று, அது வருடா வருடம் வேறு வேறு தேதியில் வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்மணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. வெளிநாட்டுக்குப் போவதென்றால் எல்லாக் காகிதமும் கையில் இருக்க வேண்டும் என்று அம்மா பாஸ்போர்ட்டுகளோடு என் ஜாதகத்தையும் எடுத்து வந்திருந்தாள். மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு. அப்பா அதைக் கவுண்டரின் மேல் விரித்து, ராசிக்கட்டத்தின் மேல் விரலை வைத்து, "பாருங்க, அனுஷம். நாலாம் பாதம்" என்று தமிழிலேயே அவருக்குக் காட்டினார். பன்னிரண்டு கட்டத்தையும் அந்தப் பெண்மணி நெடுநேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பையன் அது என்ன விளையாட்டு என்று அவன் அம்மாவிடம் கேட்டான்.

அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் உரத்துக்கு நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவர் பேசட்டும் என்று இருந்துவிடுவார். இங்கே எனக்காக, மொழி தெரியாத இடத்தில், கப்பலோடு சண்டை போட்டார். கடைசியில் அந்தப் பெண்மணி யாருக்கோ போன் செய்தார். பேசினார். நோட்டைப் பார்த்தார், மறுபடி பேசினார். பிறகு ஊதாப் பட்டையை வைத்துவிட்டு ஆரஞ்சை எடுத்தார். நானும் மாமா பெண்ணும் கத்திய கத்தலில் மஞ்சள் பட்டைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது.

பட்டை கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு காகிதம். இந்தப் பிள்ளை தானே கையெழுத்துப் போட்டு வெளியே போகலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மாமா படித்துச் சொல்லிவிட்டுப் பேனாவை அப்பாவிடம் கொடுத்தார்.

"வெளிய போறதுன்னா, யார் கூட?"

"யாரும் வேணாம் மாப்ள. அதுங்களே போய்க்கும், வந்துக்கும்."

அப்பா பேனாவைப் பிடித்தபடி கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் கடல். குனிந்து ஒரு டிக் போட்டார். 'இல்லை' என்ற கட்டத்தில் போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வயதையே வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் இருந்த ஒரே லாபத்தைப் பிடுங்கிக்கொண்டால் என்ன நியாயம்? "ஊர்ல வாய்க்காலுக்கு நான் தனியாத்தானே போறேன்?" என்று காலை உதைத்தேன்.

"அங்க வழி முழுக்கத் தெரிஞ்சவங்க" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் நான் அனுபவித்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டம் முடிந்ததும் ஆரஞ்சுக்காரர்கள் எல்லாம் நோட்டில் கிறுக்கிவிட்டுத் திசைக்கு ஒருவராகப் பறந்தார்கள். மாமா பெண் பாவம், எனக்காகப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். மூவாயிரம் பேர் இருக்கும் அந்தக் கப்பலில் ஒரே ஒரு வேட்டிதான் உண்டு; அதுவும் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்து நிற்கிறது. நான் அப்பா நீட்டிய கையைப் பிடிக்காமல் நடந்தேன்.

மறுநாள் காலை நான் துணிந்துவிட்டேன். கதவருகே புதிதாக ஒரு பையன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் கும்பலாக மொய்த்தபோது மாமா பெண்ணின் முதுகுக்குப் பின்னாலேயே போய்ப் பேனாவைப் பிடுங்கி, தலைப்பெழுத்து, சுழி, கோடு, இரண்டு புள்ளி, எல்லாவற்றையும் போட்டேன். அவன் என் பட்டையைப் பார்த்தான். ஆரஞ்சு. தலையை ஆட்டினான். கதவு திறந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். லிஃப்ட் கண்ணாடியால் ஆனது. உள்ளே நின்றால் கப்பலே நமக்குக் கீழே இறங்கிப் போகிறது. பன்னிரண்டாவது தளத்தில் காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. மாமா பெண் சொன்னது அத்தனையும் நிஜம். குழாயைத் திறந்தால் ஐஸ்கிரீம் வந்தது, மூடினால் நின்றது. நான் பிடித்த முதல் கோன் சரிந்து கை முழுக்க வழிந்தது. இரண்டாவது நின்றது. முன்னேயும் பின்னேயும் எங்களை மேய்க்க ஒரு பெரியவர் கிடையாது. உலகத்திலேயே என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த நேரத்தில் இருந்திருக்க முடியாது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

மூன்றாவது கோனில் இருக்கும்போது அப்பா படியேறி வந்தார். கூட்டிப்போக வந்தவர், கிளப்பில் என்னைக் காணாமல், லிஃப்டுக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லாமல் படியேறியிருக்கிறார். மடித்துக்கட்டிய வேட்டி, காலில் செருப்பு இல்லை, வாயால் மூச்சு விடுகிறார். முகம் நான் அதற்கு முன் பார்க்காத முகமாக இருந்தது. அடி விழப்போகிறது என்று கோனை மாமா பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அப்பா அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டா வந்த?"

"ம்."

"பிழை இல்லாமப் போட்டியா?"

"ம். புள்ளிகூட வச்சேன்."

என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். நோட்டை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மாமாவை வரவழைத்து, அந்தக் காகிதத்தை எடுக்கச் சொல்லி, பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் புதிதாக ஒன்று போட்டார். அம்மா, "ஏங்க, நெஜமாவா?" என்றாள். அப்பா பேனாவை மூடி மாமா பையில் சொருகினார்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் போகாத இடம் இல்லை. புதையல் தேடினோம், நீச்சல்குளத்து ஓரம் சறுக்கினோம், நூலகத்தில் பேசியதற்காகத் துரத்தப்பட்டோம். அந்த இரண்டு நாளில் அப்பாவுக்குக் கடல்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. பன்னிரண்டாவது தளத்துக்குப் போனால் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார். ஐந்தாவது தளத்துக்கு இறங்கினால் அங்கேயும் ஒரு ஜன்னலோரம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்பார். நான் "அப்பா!" என்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பி, "அட, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?" என்பார். "கப்பலுக்கு வந்து ஒரு வேளை எங்கூட உக்காந்து டீ குடிச்சாரா உங்க அப்பா? எந்நேரமும் நடை" என்று அம்மா குறைப்பட்டாள். நான் அப்பாவுக்காகப் பரிந்து பேசினேன். வயலையும் வாய்க்காலையுமே பார்த்த மனுஷர், ஆசை தீரக் கடலைப் பார்க்கட்டுமே!

ஊருக்கு வந்த மறுநாள் அப்பா என்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வயல்காரர் அங்கே இருந்தார். நாற்றுக் கதை முடிந்ததும் அவர் கேட்டார்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

அப்பா டீயை ஆற்றினார். "பெருசா இருந்துச்சு."

"பெருசுன்னு எனக்குத் தெரியாதா? நடுக்கடல்ல தண்ணி என்ன கலரா இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

அப்பா யோசித்தார். என்னைப் பார்த்தார்.

"நீலமாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பச்சைப்பா! கரும்பச்சை!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். இரண்டு நாள் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். அதன் நிறத்தைக்கூடச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்கு எதையும் கவனித்துப் பார்க்கத் தெரியாது என்று அதற்குப் பிறகு வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.