தீப்பெட்டி ஆபீஸை மறைத்த என் பயோடேட்டா

நான் பொறுமையாக ஜெபித்துப் பதில் பெற்றவள் இல்லை. கோபத்தோடு கேட்டேன். பதிலும் கோபமாகத்தான் வந்தது. நடந்ததை நடந்தபடியே உங்கள் முன் வைக்கிறேன்.

ஊர் புதூர்ப் பக்கம். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த மாதமே அப்பா முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தேன். தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். பெட்டியில் தீக்குச்சி அடைக்கத்தான் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் மிஷின் நின்றபோது மோட்டாரைத் திறந்து சரிசெய்தேன். அன்றிலிருந்து மிஷின் வேலையும் என் தலையில். பெயர் மட்டும் பெட்டி அடைக்கிற பிள்ளை.

இரண்டு வருடம் ஓடியது. பயோடேட்டா அடித்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர், "தீப்பெட்டி ஆபீஸ்னு போட்டா கூலியாள்னு நெனப்பாங்கம்மா, விட்டுருவோம்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன ஜூனில், தூத்துக்குடியில் ஆறாவது நேர்காணல். அதிகாரி கேட்டார்: "ரெண்டு வருஷமா என்ன பண்ணுனீங்க?"

"வீட்லதான் சார் இருந்தேன்."

"அப்ப படிச்சதெல்லாம் மறந்திருக்குமே!"

என் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன். இந்த வருடமும் போனால் பழைய பேட்ச் என்று ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். பஸ் எட்டயபுரம் வருவதற்குள் அழுகை நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குப் பெயர் போடாமல் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்போம். ஒருவர் உரக்க வாசிக்க, எல்லோரும் ஜெபிப்போம். நான் எழுதினேன்:

"ஆண்டவரே, ஒன்று: மூன்று மிஷின்களை நான் ஒருத்தியே ஓடவைக்கிறேன். இரண்டு: அடிக்கடி மோட்டார் எரிந்தது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் விட்டுவிட்டு வருவதைக் கண்டுபிடித்தேன். அதன்பிறகு ஒன்றுகூட எரியவில்லை. மூன்று: எந்த மிஷின் என்றைக்கு நின்றது, ஏன் நின்றது என்று நோட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவும் செய்ய வைத்துவிட்டு, வெளியே சொல்ல முடியாத இடத்தில் என்னை ஏன் வைத்தீர்?"

அன்று வாசித்தது ரூபி அக்கா. ஆபீஸில் என் பக்கத்து மிஷின்காரர். நேர்காணலில் நான் சொன்ன பதிலை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கடைசி வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். ஜெபம் முடிந்ததும் வாசலில் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, இது நீ எழுதுனதுதான? கர்த்தருக்கு இவ்வளவு தெளிவா எழுதுத. கம்பெனிக்கு எழுதுனா கை நோகுமோ?"

"தீப்பெட்டி ஆபீஸ்னு சொன்னா கேவலமா நெனப்பாங்கக்கா."

"கேவலமா? அப்ப பதினேழு வருசமா நாங்க கேவலத்துலயா நிக்கோம்? வீட்ல சும்மா இருந்தேன்னு பொய் சொன்னியே, அது கௌரவமாக்கும்! பொய்ய எழுதிக் குடுத்துட்டு, ஆண்டவரு அதுல முத்திரை போடணுமாக்கும்!"

ஆறுதலாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இது உறைத்தது.

மறுநாளே பழைய பயோடேட்டாவைக் கிழித்தேன். எனக்கே பொருள் புரியாத ஆங்கில லட்சிய வாக்கியம், அப்பாவின் தொழில், பாட்டுக் கேட்பது பிடிக்கும் என்ற வரி எல்லாம் போனது. ஜெபக் குறிப்பில் இருந்த மூன்றும் ஒரே பக்கத்தில், மேலே வந்தன. என்ன பழுது, என்ன செய்தேன், பிறகு என்ன ஆனது. அவ்வளவுதான்.

அனுபவச் சான்று கேட்க பயமாக இருந்தது. கோபத்தில் ஃபோர்மேன் அண்ணாச்சி இருக்கிற வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டால்?

"நீ போயிட்டா மிஷின ஒங்கப்பனா வந்து பாப்பாரு?" என்று கத்தினார். நான் நகரவில்லை. கடைசியில், "கொண்டா, எங்கன கையெழுத்து?" என்றார்.

ஆகஸ்டில் வேறொரு கம்பெனி. பராமரிப்புப் பிரிவு வேலை. அதிகாரி இரண்டாவது வரியில் விரல் வைத்து, "பேஸ் விடுறத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். அரைமணி நேரம் நான்தான் பேசினேன். அடுத்த வாரம் வேலை உத்தரவு வந்தது. அதை அப்பாவின் மார்பில் வைத்துவிட்டு முழங்கால்படியிட்டேன்.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பயோடேட்டாவோடு சிலர் என்னிடம் வருகிறார்கள். முதலில், "எதை மறைச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளை தரையைப் பார்த்தபடி, "மூணு வருசம் ஆடு மேய்ச்சேன்க்கா" என்றாள். எத்தனை ஆடு, எத்தனை குட்டி பிழைத்தது என்று கேட்டேன். மளமளவென்று சொன்னாள். கால்நடைப் பண்ணை வேலைக்குத்தான் அவள் விண்ணப்பம்! யார் இவளை வெட்கப்படச் சொன்னது?

அன்பானவர்களே, கோபமிருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். என்னை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர் உங்களை நடத்திவந்த இடத்தை ஒரு காகிதத்துக்காக மறுதலிக்காதீர்கள். அவருக்கு ஸ்தோத்திரம். என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதையும் அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.