பார்க்காமல் தைத்த கை

சட்டை ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் சித்தி துணியைப் பார்க்கமாட்டாள். பக்கத்து மெஷின்காரியோடு பேசிக்கொண்டே சட்டைக் கழுத்தில் லேபிள் வைத்துத் தைப்பாள். ஓயாமல் பேசும் அந்தப் பக்கத்து மெஷின்காரிக்கு ரேடியோ என்று பெயர். "கண்ணு எதுக்குடி? கையே பாத்துக்கும்" என்பாள் சித்தி. வீட்டில் சம்பளம் அவள் ஒருத்தியுடையதுதான். சித்தப்பா இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். என் கல்லூரிப் படிப்பும் அவள் தயவில்தான் நடந்தது.

எங்கள் சட்டைகளை வாங்கிவந்த பெரிய நாடு திடீரென்று எங்கள் சரக்குக்கு வரியை ஏற்றியது. ஏறிய விலைக்கு அங்கே யார் வாங்குவார்கள்? ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரைக் காப்பாற்ற முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டையை இங்கேயே தைத்து, வரி குறைவான பக்கத்து நாட்டின் பெயரை லேபிளில் போட்டு, அந்த நாட்டுத் துறைமுகம் வழியாக அனுப்புவது. வாயைத் திறந்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவைத்தார். யாரும் திறக்கவில்லை.

எங்கள் நாட்டுப் பெயர் போட்ட பழைய லேபிள்களை எரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். மெஷின் இழுப்பறையில் ஒரு கட்டு கிடந்ததைச் சித்தி மறந்துபோனாள். ஒருநாள் மேலே வைத்திருந்த புது லேபிள்கள் தீர்ந்தன. ரேடியோ தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தியின் கை வழக்கம்போல் இழுப்பறைக்குள் போனது.

தைத்ததைக் கடைசியில் சரிபார்க்கும் பெண்களை முன்பே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

பெரிய நாட்டுச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்தபோது, ஒரே மாதிரிச் சட்டைகளில் இரண்டு நாடுகளின் பெயர்கள். ஆர்டர் கைவிட்டுப் போனது. ஆலைக்குப் பூட்டு விழுந்தது. யார் கை என்று ரேடியோவுக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தல் வந்தது. பூட்டிய ஆலை வாசலில் நின்று ஒரு வேட்பாளர் முழங்கினார். நம் சரக்கு நம் நாட்டுப் பெயரோடுதான் உலகமெங்கும் போகவேண்டுமாம். வேலை இழந்தவர்கள் கைதட்டினார்கள்.

ரேடியோ சித்தியின் காதருகே குனிந்தாள். "நீங்கதான் ஏற்கெனவே அனுப்பிட்டீங்களேக்கா."



இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவள் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பு. கல்லூரியை விட்டுவிட்டு நானும் அங்கேயே சேர்ந்தேன். முதல் நாள், ஏதோ பேசியபடியே மடித்துக்கொண்டிருந்த என்னைச் சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பேசாத. கையப் பாரு" என்றாள்.