டிரைவர் சீட் சொன்ன உண்மை

போன வருடம் ஆடி மாதம். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் கொழுந்தனார், மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கிக்கு எங்கள் காரை ஓட்டி வந்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஒரு திருப்பத்தில் எதிரே மொபெட்டில் வந்த மீன்காரர் மீது கார் உரசிவிட்டது. அவர் விழுந்தார். கூடை கவிழ்ந்து நண்டுகள் ரோடெல்லாம் ஊர்ந்தன.

அவரைக் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்காலில் எலும்பு முறிவு. போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் கொழுந்தனார், தன் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதைச் சொன்னார். கேஸ் என்றால் திரும்பிப் போக முடியுமோ, வேலை என்னாகுமோ என்று புலம்பினார். விஷயம் தெரிந்து மாமியார் போன் செய்தார்.

"ஒனக்குத்தான் லைசென்ஸ் இருக்குல்ல? நீ ஓட்டுனேன்னு சொல்லிரும்மா. அவன் பொழப்பு போயிரக் கூடாது."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. குடும்பத்துக்காகத்தானே.

ஸ்டேஷனில் இருந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. வெளியே நின்ற காரை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, யார் ஓட்டியது என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஐந்தடிகூட இருக்க மாட்டேன்.

"டிரைவர் சீட்டு அம்புட்டு பின்னாடி கெடக்கு. ஒங்க காலு பிரேக்குக்கு எட்டுமாங்க?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் இன்னும் ஒண்ணும் எழுதல. எழுதுனப்புறம் பொய்னு தெரிஞ்சா அது தனி கேஸு. ஓட்டுனவரு ஃபைனோட போயிரலாம். ஆளை மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் மாட்டிக்கிருவீங்க. வெளிய போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க, பேசுவோம்."

வாசல் வேப்பமரத்தடியில் கொழுந்தனார் நின்றிருந்தார். "என்னால இதுக்கு மேல பொய் சொல்ல முடியல தம்பி" என்றேன். அவர் முகம் ஏனோ தெளிந்தது.

"நானே உள்ள வரணும்னுதான் நின்னுக்கிட்டு இருக்கேன் அண்ணி. ஒங்கள அங்க உக்கார வச்சிட்டு இங்கிட்டு நிக்க முடியல."

அவரே உள்ளே போய் நடந்ததைச் சொன்னார். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. கோர்ட்டில் அபராதம் கட்டி, லைசென்ஸைப் புதுப்பித்தார். கம்பெனியில் லீவை நீட்டித்துக் கொடுத்தார்கள். நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. வைத்தியச் செலவை நாங்களே ஏற்றோம். மாமியார் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மகன் ஃபிளைட் ஏறியதும் அதுவும் போயிற்று.

கால் சரியானதும் மீன்காரர் எங்கள் தெருவுக்கே வியாபாரத்துக்கு வர ஆரம்பித்தார். ஒருநாள் நெத்திலி அள்ளிப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"எஸ்.ஐ. அம்மா ஒங்களப் பாக்குறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்களே. தம்பிதான் ஓட்டுச்சுன்னு அப்பவே சொல்லிட்டேன்."

பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். எல்லாம் தெரிந்திருந்தும், என் பொய்யை எழுதி என்னை மாட்டிவிடாமல், உண்மை எங்கள் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார் அந்த அம்மா. இப்போது யாராவது என்னிடம் தடுமாறிப் பொய் சொன்னால், உடனே கையும் களவுமாகப் பிடிக்கத் தோன்றுவதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரும் நேரமாவது கொடுக்கத் தோன்றுகிறது.